உங்கள் சம்பளம் தள்ளிப்போனது, அவருடையது போயே போனது

கேள்வி: நான் மேரிலாந்தில் ஒரு ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) அலுவலகத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். கணவர் வேறொரு அரசுத் துறைக்கு வேலை செய்துகொடுக்கும் தனியார் நிறுவனத்தில் காண்ட்ராக்டர். கிரீன் கார்டு வைத்திருக்கிறார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, நாடாளுமன்றம் பணம் ஒதுக்காததால் அரசு முடங்கிய ஷட்டவுனில் நான் சம்பளமில்லாமல் தினமும் ஆபீஸ் போனேன். அவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். எனக்கு நிலுவைச் சம்பளம் வந்துவிட்டது, அவருக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. வீட்டுக் கடனான மார்ட்கேஜை மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கட்டினோம். மற்றதெல்லாம் கிரெடிட் கார்டில் போய், இப்போது 22 சதவீத வட்டியில் 9,000 டாலர் நிற்கிறது. திருச்சியில் இருக்கும் மாமனார் மாமியாருக்கு மாதாமாதம் அனுப்பும் 300 டாலரையும் நிறுத்தவில்லை, அவர்களிடம் எதையும் சொல்லவும் இல்லை. கோயிலில் பழக்கமான ஒருவர் 2,000 டாலர் கைமாற்றாகத் தருகிறேன் என்றார். அவருடைய கம்பெனிக்கு என் அலுவலகத்தோடு ஒப்பந்தம் இருப்பதால் நான் வேண்டாம் என்றேன். "உனக்கு ரூல்ஸ்தான் முக்கியம், வீடு முக்கியமில்ல" என்றார் கணவர். அன்றிலிருந்து சரியான பேச்சு இல்லை. இப்போது என் டிஎஸ்பி ஓய்வுக்கால சேமிப்பிலிருந்து எடுத்துக் கார்டை அடைக்கலாம் என்கிறார். நானோ இந்த வேலையையே விட்டுவிட்டு பிரைவேட்டுக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். இன்னொரு ஷட்டவுன் வந்தால் தாங்க மாட்டோம். என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேரிலாந்து

பதில்:

அன்புள்ள சகோதரி,

"எனக்கு நிலுவைச் சம்பளம் வந்துவிட்டது, அவருக்கு ஒரு டாலர்கூட வரவில்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு மேலே போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரே வீட்டில், அதே 43 நாளில், உங்கள் இருவருக்கும் நடந்தது வேறு வேறு. உங்களுடையது தாமதம், அவருடையது நஷ்டம். தாமதத்தைக் கடனால் சமாளிக்கலாம், ஏனென்றால் திருப்பிக் கட்டப் பணம் பின்னால் வருகிறது. நஷ்டத்தைக் கடனால் சமாளித்தால் அந்தக் கடன் அப்படியே நிற்கும். உங்கள் 9,000 டாலர் அப்படித்தான் நிற்கிறது. "எப்படியும் ஒருநாள் சம்பளம் வரும்" என்று நீங்கள் இருவரும் நினைத்துச் செலவு செய்தீர்கள். உங்களுக்கு அது உண்மை. அவருக்கு அந்த வாக்குறுதியை யாரும் கொடுக்கவே இல்லை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மாமனாருக்கு விளக்கும்போதும் உதவும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்காத பணத்தை எந்தத் துறையும் செலவு செய்யக்கூடாது என்ற சட்டம் 1884-லிருந்தே அமெரிக்காவில் இருக்கிறது. ஆனால் ஒதுக்கீடு முடிந்தால் கதவைச் சாத்தும் பழக்கம் அவ்வளவு பழையதல்ல. 1980-ல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அந்தச் சட்டத்துக்குக் கறாரான விளக்கம் கொடுத்தார். உயிருக்கும் சொத்துக்கும் ஆபத்து வராமல் காக்கும் வேலைகளுக்குக் கிடைக்கும் விலக்கு அடுத்த வருடம் அவர் எழுதிய விளக்கத்தில் தெளிவானது. அந்த விலக்கின் கீழ்தான் நீங்கள் சம்பளமில்லாமல் வேலைக்குப் போனீர்கள். ஆபீஸ் மொழியில் 'எக்ஸெப்டட்'. வீட்டுக்கு அனுப்பப்பட்ட உங்கள் சக ஊழியர்கள் 'ஃபர்லோ'. இரண்டு பிரிவினருக்கும் முடக்கம் முடிந்ததும் முழுச் சம்பளம் உண்டு என்று 2019 ஜனவரி 16-ல் கையெழுத்தான சட்டம் சொல்கிறது. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் தனியாக மனம் வைத்துக் கொடுத்ததுதான்.

இந்த முறை அந்தச் சட்டத்தின் மேலேயே சந்தேகத்தைக் கிளப்பினார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நிலுவைச் சம்பளம் தானாகக் கிடைத்துவிடாது என்று வாதிடும் வெள்ளை மாளிகை வரைவுக் குறிப்பு ஒன்று அக்டோபரில் வெளியே வந்தது. கூடவே ஆட்குறைப்பு நோட்டீஸ்களும் பறந்தன. நவம்பர் 12-ல் கையெழுத்தான சட்டம் சம்பளத்தை உறுதி செய்து, அந்த நோட்டீஸ்களையும் திரும்பப் பெற வைத்தது. ஆனால் அந்த ஆறு வாரம் நீங்கள் பட்ட பயத்துக்குக் காரணம் இருந்தது. உங்கள் மனம் பலவீனமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காண்ட்ராக்டர் ஊழியர்களுக்கு இந்த மாதிரிச் சட்டம் எதுவும் இல்லை. அலுவலகத்தைத் துடைப்பவர், வாசலில் காவலுக்கு நிற்பவர், உங்கள் கணவர் எல்லோரும் ஒரே வரிசை. 2018-19-ல் நடந்த 35 நாள் முடக்கத்திலும் அவர்களுக்கு இதே கதிதான். 43 நாள் என்பது ஒரு வருட வருமானத்தில் சுமார் 12 சதவீதம். அதை அவர் 'இழந்தார்' என்று உங்கள் வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா?

வேலை நின்றவர்களுக்கு மாநிலம் தரும் உதவித்தொகையான அன்எம்ப்ளாய்மெண்டுக்கு அவர் விண்ணப்பித்தாரா என்று கடிதத்தில் இல்லை. இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதைச் செய்வதில்லை. "பிச்சைக் காசு" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. அது காப்பீடு. நிறுவனம் அவர் பெயரில் அதற்கு வரி கட்டுகிறது. ஃபர்லோவில் இருக்கும் ஃபெடரல் ஊழியரும் மாநிலத்திடம் அதைக் கேட்கலாம், ஆனால் நிலுவைச் சம்பளம் வந்ததும் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். முழுநேரம் வேலைக்குப் போன உங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. நிலுவையே வராத காண்ட்ராக்டருக்கோ வாங்கினால் வாங்கியதுதான், திருப்ப வேண்டியதில்லை. அதாவது இந்த ஏற்பாடு உங்கள் வீட்டில் யாருக்கு மிகவும் பொருந்துமோ அவர் அதைத் தொடவில்லை. போன வாரங்களுக்குப் பின்தேதியிட்டு வாங்குவது கடினம், தகுந்த காரணம் கேட்பார்கள். அடுத்த முறை வேலை நிற்கும் முதல் வாரத்திலேயே விண்ணப்பிக்கட்டும்.

ஹெச்-1பி விசாவில் இருந்துகொண்டு அரசுத் திட்டங்களில் வேலை செய்யும் வாசகர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. திட்டம் நின்றுவிட்டது, அதனால் சம்பளம் கிடையாது என்று உங்கள் நிறுவனம் சொல்ல முடியாது. வேலை கொடுக்க இயலாத நாட்களுக்கும் ஒப்புக்கொண்ட ஊதியத்தை ஹெச்-1பி நிறுவனம் கொடுத்தாக வேண்டும், அது தொழிலாளர் துறையின் விதி. "எல்லோருக்கும் இதே நிலைதான்" என்று மேனேஜர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

இனி மார்ட்கேஜ். ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கட்டினோம் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். நான் மாற்றித்தான் சொல்லப் போகிறேன்.

கையிலிருந்த ரொக்கத்தையெல்லாம் மார்ட்கேஜுக்குக் கொடுத்துவிட்டு, அரிசி பருப்பு, பெட்ரோல், டேகேர் எல்லாவற்றையும் 22 சதவீத வட்டிக்காரனிடம் வைத்தீர்கள். பெரும்பாலான மார்ட்கேஜ்களில் மாதம் முதல் தேதி கட்ட வேண்டியதை 15-ம் தேதி வரை அபராதம் இல்லாமல் கட்டலாம். அதற்குப் பிறகு ஒரு சிறு தாமதக் கட்டணம் வரும். 30 நாள் தாண்டினால்தான் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறும். 2013-ல் 16 நாள் முடக்கம் நடந்தபோது பாதிக்கப்பட்ட ஊழியர்களுக்கு ஒரு சம்பளம் சுமார் 40 சதவீதம் குறைந்து வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஆய்வாளர்கள் வங்கிக் கணக்குத் தரவுகளை வைத்துப் பார்த்தார்கள். பலரும் மார்ட்கேஜைச் சில நாள் தள்ளிக் கட்டியிருந்தார்கள், கார்டு பாக்கியைக் கொஞ்சம் நிறுத்தி வைத்திருந்தார்கள். பெரிய சேதமில்லாமல் வெளியே வந்தார்கள். மார்ட்கேஜின் அந்த இரண்டு வாரம்தான் அமெரிக்காவில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைக்கும் மிக மலிவான கடன்.

உங்கள் தேதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் நடுவில் வந்தது அரைகுறைச் சம்பளம். 24-ம் தேதி வாக்கில் வர வேண்டியது வரவில்லை. நவம்பர் முதல் வாரத்திலும் வரவில்லை. நவம்பர் 1-ம் தேதித் தவணையைக் கட்டாமல் கையில் வைத்திருந்தால் அந்தப் பணத்திலேயே வீட்டுச் செலவு ஓடியிருக்கும். முடக்கம் 12-ம் தேதி முடிந்தது, நிலுவையும் பின்னாலேயே வந்தது. கொஞ்சம் தாமதக் கட்டணத்தோடு விஷயம் முடிந்திருக்கலாம்.

இதைச் சொல்வதால் யாரும் மார்ட்கேஜைச் சும்மா விட்டுவிட வேண்டாம். முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்ய வேண்டும், தவறிய பிறகு அல்ல, தவறும் முன்னால். "நான் ஃபெடரல் ஊழியர், சம்பளம் நிற்கிறது, ஷட்டவுன் சலுகை என்ன?" என்று கேட்க வேண்டும். தவணையைத் தள்ளிவைக்கிறோம் என்று சொன்னால் அடுத்த கேள்வி: தள்ளிவைத்ததை எப்படித் திருப்பிக் கேட்பீர்கள்? மூன்று மாதத் தொகையை மொத்தமாக ஒரே நாளில் கேட்பார்களா, கடனின் கடைசியில் சேர்ப்பார்களா? இது எழுத்தில் வர வேண்டும். பேசியவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். அரசு வேலையின் பின்னணிச் சோதனையில் கட்டாத கடன் ஒரு கேள்வியாக வரும். தன் கைமீறிய காரணத்தால் வந்த கடன், ஆனால் பொறுப்போடு நடந்துகொண்டார் என்று காட்ட முடிந்தால் அது உங்கள் பக்கம் பேசும். அந்த நோட்டுதான் அதற்குச் சாட்சி.

ஃபெடரல் பணியாளர் நிர்வாக அலுவலகமான ஓபிஎம், கடன் கொடுத்தவர்களுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் எழுத மாதிரிக் கடிதங்களை வெளியிடுவதுண்டு. 2018 டிசம்பரில் அவர்கள் பகிர்ந்த மாதிரி ஒன்றில், வாடகைக்குப் பதிலாகப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன், தச்சு வேலை செய்து தருகிறேன் என்று எழுதலாம் என்றிருந்தது. ஊரே சிரித்தது, பழைய கடிதம் தவறி வெளியாகிவிட்டது என்றார்கள். அந்த யோசனையை விட்டுவிட்டு மீதிக் கடிதத்தைப் பயன்படுத்துங்கள், நன்றாகவே எழுதப்பட்டிருந்தது.

இப்போது நிற்கும் 9,000. 22 சதவீதத்தில் இதற்கு மாதம் 165 டாலர் வட்டியே போகிறது. டிஎஸ்பி-யிலிருந்து கஷ்டநிலைக் காரணம் சொல்லி எடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் 59½ வயதுக்குக் கீழே என்றால் எடுத்த தொகைக்கு வருமான வரி, மேலே 10 சதவீத அபராதம், மேரிலாந்தின் மாநில வரியும் கவுண்டி வரியும். உங்கள் வருமான வரி விகிதத்தை 22 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 9,000 கையில் வர ஏறத்தாழ 15,000 எடுக்க வேண்டியிருக்கும். எடுத்ததைத் திரும்ப உள்ளே போடவும் முடியாது. டிஎஸ்பி கடன் என்பது வேறு. அது உங்கள் கணக்கிலிருந்தே வாங்கி உங்கள் கணக்குக்கே கட்டுவது, வட்டியும் குறைவு. ஆனால் வேலையை விட்டால் சம்பளத்தில் பிடிப்பது நின்றுவிடும், பாக்கியை நீங்களே தவணையாகவோ மொத்தமாகவோ கட்டிவர வேண்டும், கட்டாவிட்டால் அது எடுத்த பணமாகக் கணக்காகி வரி வரும். ஒரு கையில் ராஜினாமா யோசனையை வைத்துக்கொண்டு மறு கையில் டிஎஸ்பி கடனை வாங்கும் முன் இதை யோசியுங்கள்.

நான் முதலில் போகச் சொல்வது கிரெடிட் யூனியனுக்கு, அதாவது உறுப்பினர்களுக்கான கூட்டுறவு வங்கிக்கு. ஃபெடரல் கிரெடிட் யூனியன்கள் பொதுவாக 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது, நல்ல கிரெடிட் ஸ்கோர் இருந்தால் இன்னும் கீழே கிடைக்கும். ஒரு தனிநபர் கடனாக வாங்கிக் கார்டை அடைத்துவிட்டு, இரண்டு வருடத்தில் முடியும்படி தவணை போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஸ்கோர் ஒத்துழைக்காவிட்டால் லாபநோக்கமற்ற கடன் ஆலோசனை மையம் ஒன்றைப் பிடியுங்கள், கார்டு நிறுவனத்தோடு பேசி வட்டியைக் குறைத்துத் தருவார்கள். "கடனை நாங்கள் பாதியாக்குகிறோம்" என்று விளம்பரம் செய்பவர்கள் பக்கமே போகாதீர்கள்.

கிரெடிட் யூனியனில் கணக்கு இருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. நேவி ஃபெடரல் போன்றவை முடக்கக் காலத்தில் தங்களிடம் சம்பளம் நேரடியாக வரும் உறுப்பினர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தன. முடக்கம் தொடங்கிய பிறகு கணக்கு திறந்தால் அது கிடைப்பது சந்தேகம். உங்கள் அலுவலகத்துக்கு எந்த கிரெடிட் யூனியன் பொருந்துமோ அதில் இப்போதே சேர்ந்து சம்பளத்தை அங்கே மாற்றுங்கள். உங்களைப் போல் சம்பளமின்றி வேலைக்கு அழைக்கப்பட்டவர்களுக்கு மேரிலாந்து மாநிலம் 700 டாலர் வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. இதற்கென 2019-லேயே சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். பெரிய தொகை இல்லை, ஆனால் டேகேருக்கு ஒரு வாரத்தைத் தள்ளும்.

மறுபடி வந்தால் என்ன செய்வது என்றால், திட்டத்தை உங்கள் சம்பளத்தை வைத்துப் போடாதீர்கள், அவருடைய நஷ்டத்தை வைத்துப் போடுங்கள். எல்லா நிதி ஆலோசகர்களும் ஆறு மாதச் செலவைச் சேர்க்கச் சொல்வார்கள். கார்டு கடனோடு இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் வீட்டில் அதைச் சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. உங்கள் இலக்கு இரண்டு மாதம், அதுவும் ஐந்தே செலவுக்கு: மார்ட்கேஜ், சாப்பாடு, வேலைக்குப் போய்வரும் செலவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு, கடன்களின் குறைந்தபட்சத் தவணை. இரண்டு வாரத்துக்கொருமுறை சம்பளம் என்றால் வருடத்தில் 26 சம்பளம் வருகிறது. பத்து மாதங்களில் இரண்டு வரும், இரண்டு மாதங்களில் மூன்று வரும். வீடு இரண்டு சம்பளத்தில் ஓடப் பழகியிருப்பதால் அந்த மூன்றாவது சம்பளம் எங்கே போனதென்றே தெரியாமல் போய்விடும். அதைப் பிடியுங்கள். வருடத்தில் இரண்டு முழுச் சம்பளம், இருவருக்கும் என்றால் நான்கு. இதுவே நீங்கள் தேடும் நிதியில் பெரும்பகுதி. முதலில் ஒரு மாதச் செலவு சேரட்டும், பிறகு கார்டை வேகமாக அடையுங்கள். கணக்குப் பார்த்தால் கார்டைத்தான் முதலில் அடைக்க வேண்டும் என்று என் தொழிலில் இருக்கும் பலர் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சம்பளம், அரசின் நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் 1-ம் தேதியை நம்பி இல்லை.

உங்கள் கணவர் இன்னொன்றையும் செய்யலாம். ஷட்டவுன் வந்தால் எல்லா காண்ட்ராக்ட்டும் நின்றுவிடுவதில்லை. பணம் ஏற்கெனவே முழுதாக ஒதுக்கப்பட்டு, வேலை செய்யும் இடமும் திறந்திருந்தால் பல ஒப்பந்தங்கள் தொடரும். தன் திட்டத்துக்கு எந்தத் தேதி வரை பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, வேலை நிறுத்த உத்தரவு வந்தால் நிறுவனம் வேறு திட்டத்துக்கு மாற்றுமா, விடுப்பைக் கழிக்கச் சொல்லுமா என்று அவர் மேலாளரிடம் இன்றே கேட்கலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேலை தேட வேண்டியவர் நீங்கள் அல்ல, அவர்தான். உங்கள் இருவரின் வருமானமும் ஒரே காங்கிரஸை நம்பி இருப்பதுதான் இந்த வீட்டின் உண்மையான ஆபத்து.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், முடக்கத்தில் அது நிற்காது. பிரீமியம் சேர்ந்து நிலுவைச் சம்பளத்தில் கழியும். உங்களுக்கு வந்த நிலுவை எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரிந்திருந்தால் இதுவும் ஒரு காரணம்.

கோயில் நண்பரின் 2,000 டாலர். நீங்கள் செய்தது சரி, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. உங்கள் அலுவலகத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனத்தின் உரிமையாளர் ஃபெடரல் நன்னடத்தை விதிகளின்படி பரிசு வாங்கக் கூடாத இடம். அந்த விதியில் 'பரிசு' என்பதற்குள் கடனும் அடங்கும். உங்களை மனதில் வைத்துக் கணவர் கையில் கொடுத்தாலும், உங்களுக்குத் தெரிந்திருந்தால் அது உங்களுக்குக் கொடுத்ததுதான். ஷட்டவுன் என்பதால் இந்த விதிகள் தூங்கிவிடுவதில்லை. இடையில் ஊபர் ஓட்டப் போவதற்குக்கூடச் சில துறைகளில் முன் அனுமதி வேண்டும். உண்மையான நெடுநாள் நட்பு என்றால் விலக்கு உண்டு, ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் அலுவலகத்தின் எதிக்ஸ் அதிகாரி, கோயில் மண்டபத்தில் நின்று நீங்களே முடிவு செய்வதல்ல. சொந்தக்காரரிடமோ, உங்கள் துறையோடு தொடர்பே இல்லாத நண்பரிடமோ கைமாற்று வாங்குவதில் தடை இல்லை.

ஆனால் உங்கள் கணவரின் கோபம் அந்த 2,000 டாலருக்காக என்று நான் நினைக்கவில்லை. ஆறு வாரம் காலையில் நீங்கள் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள். சம்பளம் இல்லை, ஆனால் நீங்கள் 'தேவைப்படுகிறவர்'. அவர் பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் உங்களுக்கு மொத்தமாகப் பணம் வருகிறது, அவருக்கு "திங்கட்கிழமை வாங்க" என்று ஒரு மெயில் வருகிறது. நடுவில் வந்த ஒரே உதவியையும் நீங்கள் மறுத்துவிட்டீர்கள். விதியை விளக்கி அவரை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். "உன் 43 நாள் போயிடுச்சு, அது திரும்ப வராது, எனக்கும் அது தெரியும்" என்று அவர் காதுபட ஒருமுறை சொல்லுங்கள். அதன் பிறகு பட்ஜெட் தாளை எடுங்கள். கார்டு கடனை 'உன் செலவு, என் செலவு' என்று பிரிக்காமல், அவருடைய இழப்பை வீட்டின் இழப்பாக எழுதுங்கள். உங்கள் துறையின் ஊழியர் உதவித் திட்டத்தில் குடும்பத்தினருக்கும் இலவச ஆலோசனை உண்டு. தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல் அவர் நாட்களைத் தள்ளினால் அந்த எண்ணை நீங்களே அழைத்துக் கொடுங்கள். நிலைமை மோசமாகத் தெரிந்தால் மனநெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள்.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். "இந்த மாசம் வெளியில சாப்பிடப் போறதில்ல, வீடும் ஸ்கூலும் அப்படியே இருக்கும்" என்றால் போதும். வருமானம் விழுந்தால் பள்ளியில் இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்கு வருடத்தின் எந்த நாளிலும் விண்ணப்பிக்கலாம். கேபிடல் ஏரியா ஃபுட் பேங்க் இந்த முடக்கத்தில் ஃபெடரல் ஊழியர்களுக்கென்றே உணவுப் பொருள் வழங்கியது. வரிசையில் நின்றவர்களில் பெரிய படிப்புப் படித்தவர்கள் நிறையப் பேர். போகத் தயங்கினால் உள்ளூர் உதவிகளைச் சொல்லும் எண்ணான 211-க்கு அழைத்து வீட்டுப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

மாமனார் மாமியாரிடம் சொல்லத்தான் வேண்டும். 300 டாலரைக் கார்டில் வாங்கி அனுப்பினீர்கள் என்றால், அந்த மாதம் திருச்சிக்குப் போன பணத்துக்கு நீங்கள் இன்னமும் வட்டி கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அவர்களுக்குத் தெரிந்தால் அவர்களே வேண்டாம் என்றிருப்பார்கள். "கால் காசானாலும் கவர்மெண்ட் காசு" என்று வளர்ந்த தலைமுறைக்கு, அரசாங்கமே சம்பளம் தராமல் வேலை வாங்கும் என்பது நம்பக் கஷ்டமாக இருக்கும். இந்தியாவில் பட்ஜெட் தாமதமானால் இடைக்காலச் செலவுக்கு நாடாளுமன்றம் முன்பணம் போல அனுமதி கொடுத்துவிடும். அதுவும் தோற்றால் ஆட்சியே கவிழும், ஆபீஸ் மூடாது. அமெரிக்காவில் ஜனாதிபதியும் காங்கிரஸும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், ஒருவர் இன்னொருவரைக் கவிழ்க்க முடியாது, நடுவில் மாட்டுவது ஊழியர். அதே சமயம் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குச் சம்பளம் நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், மாமனாருக்கு அரை மணி நேரம் பேச விஷயம் கிடைக்கும். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டதும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும். அரசு வேலையும் ஆடும் என்பதை அவர் நேரில் பார்த்த தலைமுறை. நீங்கள் நினைப்பதைவிடச் சுலபமாகப் புரிந்துகொள்வார். மருந்துச் செலவுக்குத் தேவைப்படும் தொகையை மட்டும் அடுத்த ஆறு மாதம் அனுப்புகிறோம் என்று ஒரு தொகையையும் காலத்தையும் சொல்லுங்கள்.

கடைசியாக, வேலையை விடுவது. அந்த முடிவை உங்களுக்காக நான் எடுக்க முடியாது, ஆனால் தேதியைச் சொல்ல முடியும். ஃபெடரல் ஓய்வூதியத்துக்கு உரிமை கிடைக்க ஐந்து வருடப் பணி வேண்டும். ஐந்தை முடித்துவிட்டு வெளியே போனால், அந்த வருடங்களுக்கான சிறு ஓய்வூதியம் 62 வயதில் உங்களுக்கு வரும். நான்கில் போனால் நீங்கள் கட்டிய பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். அதனால் ஐந்து முடியும் வரை தனியார் வேலைகளுக்கு விண்ணப்பியுங்கள், நேர்காணலுக்குப் போங்கள், என்ன சம்பளம் தருவார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள். பிரமாதமான வேலை ஒன்று முன்னதாகவே வந்துவிட்டால், இழக்கும் ஓய்வூதியத்தை அதன் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள், ஷட்டவுன் எரிச்சலில் எடுக்க வேண்டாம். ஓய்வூதியக் கணக்கில் உங்கள் பணி எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்பதை ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் சேர்ந்த தேதியும் அதுவும் சில சமயம் ஒன்றாக இருப்பதில்லை.